பதினேழு குடைத்துணிக் கவுன்கள்

அந்தத் துணிக்கு நிறம் தேர்ந்தெடுத்தவருக்கு உலகத்தின் மேல் ஏதோ தீராத கோபம் இருந்திருக்க வேண்டும். கண்ணைப் பறிக்கும் மஞ்சள். அதில் ஊதா நிறத்தில் விரித்த குடைகள், ஒவ்வொன்றும் சாப்பாட்டுத் தட்டு அகலம். கடைக்கு வந்தவர்கள் அந்தப் பக்கம் போகாமல் சுற்றிக்கொண்டு போனார்கள். முழு பீஸும் வேண்டும் என்று அம்மா கேட்டபோது கடைக்காரர் விலைகூடப் பேசவில்லை. எங்கே மனம் மாறிவிடுவாளோ என்று ஓட்டமாய் ஓடிக் கட்டிக்கொடுத்தார்.

அம்மாவுக்கு எட்டும் பெண்கள். எட்டுப் பேருக்கும் ஒரே மாதிரிதான் தைப்பாள். கழுத்தை மூடும் காலர், முழங்கையைத் தாண்டிய கை, கணுக்காலைத் தொடும் கவுன், தலைக்கு அதே துணியில் முக்காடு. ஆண்டவர் முன்னால் எல்லாரும் ஒன்று என்பது அப்பாவின் கட்சி. ஒரே மாதிரி வெட்டினால் துணி வீணாகாது என்பது அம்மாவின் கட்சி. மீதித் துணியில் ஜன்னல் திரையும் தைத்துவிட்டதால், திரைக்கு முன்னால் நிற்கும் பெண்ணுக்கு முகமும் கையும் மட்டும் அந்தரத்தில் தொங்கும். ஒருமுறை காற்றில் ஆடிய திரையைப் பார்த்து அப்பா, "ஜெபம் பண்ற நேரத்துல என்னடி ஆட்டம்?" என்று அதட்டியதும் உண்டு. வெளியே போனால் அவர் எண்ணுவது பிள்ளைகளை அல்ல, கவுன்களைத்தான். எட்டு வந்தால் வண்டி கிளம்பும்.

இந்தக் கணக்கில் ஐந்தாமவளுக்குத்தான் மனத்தாங்கல். தொட்டிலிலிருந்து இறங்கிய நாள் முதல் கேள்வி கேட்டுக்கொண்டே இருப்பவள் என்பதால் வீட்டில் அவளுக்குத் 'தொணதொண' என்று பட்டம். அவளைக் கேள்வி கேட்க விட்டால் சுவரே எழுந்து வெளியே போய்விடும் என்பார் அப்பா.

சபைகள் எல்லாம் சேரும் பெரிய கூட்டத்துக்குப் புறப்படும் காலையில், அம்மா தரையில் உட்கார்ந்து அவள் கவுனின் கீழ்மடிப்பைச் சரி செய்துகொண்டிருந்தாள். அம்மாவின் வாய் நிறையக் குண்டூசி.

"அம்மா, அஞ்சாவது பொண்ணு கெஞ்சினாலும் கிடைக்காதுன்னு சொல்றாங்களே, அப்ப நான் தொலைஞ்சு போனா உங்களுக்குத் தெரியுமா?"

"ம்."

"இல்ல, ஆறாவதை அஞ்சாவதாக்கிட்டுப் போயிட்டே இருப்பீங்களா?"

"ம்."

வாயில் குண்டூசி இருந்தால் 'ம்' தவிர வேறென்ன வரும்? அது ஐந்தாமவளுக்கும் தெரியும். இருந்தாலும் அந்தக் குண்டூசிகளில் ஒன்று நழுவிவந்து அவள் நெஞ்சில் தைத்துக்கொண்டது.

கூட்டம் நடந்த மண்டபத்தில்தான் அந்த அதிசயம். இவர்கள் எட்டுக் கவுன்களும் ஒரு வாசலில் நுழைய, எதிர் வாசலில் அதே மஞ்சள், அதே ஊதாக் குடையில் ஒன்பது கவுன்கள் நுழைந்தன. அதே காலர், அதே முக்காடு. அந்தக் கடைக்காரரிடம் இரண்டு பீஸ் இருந்திருக்கிறது!

இரண்டு அம்மாக்களும் நடுவழியில் எதிர்ப்பட்டார்கள்.

"துணி ரொம்ப அருமை சிஸ்டர்."

"உங்களது அதைவிட அருமை சிஸ்டர்."

உதட்டில் சிரிப்பு. உள்ளே பல் நறநறத்த சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. மேடையிலிருந்து பதினேழு கவுன்களையும் ஒருசேரப் பார்த்த போதகருக்குப் பேச வந்தது மறந்து, நோவாவும் வெள்ளமுமே வாயில் வந்தது. பிரசங்கத்தின் வல்லமையோ என்னவோ, கூட்டம் முடியும்போது வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. மண்டபம் முழுக்க எத்தனையோ நூறு குடைகள். தலைக்கு மேல் பிடிக்கத்தான் ஒன்றுகூட இல்லை.

எல்லாரும் வண்டிகளைப் பார்த்து ஓடினார்கள். மூக்குக்கண்ணாடியில் தண்ணீர் வழிய நின்ற அந்த ஒன்பது கவுன் வீட்டு அப்பா, கைக்கு எட்டிய முக்காட்டையெல்லாம் உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஏறு, ஏறும்மா... ஏழு, எட்டு, ஒன்பது! சாத்து கதவை!"

ஒன்பதாவது, நம் ஐந்தாமவள். ஏறியவுடனேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவள் வீட்டு வண்டியில் சீட்டு கிழிந்து பஞ்சு எட்டிப்பார்க்கும், இதில் கிழியவில்லை. ஒரு சத்தம் போட்டால் போதும். வாயைத் திறந்தாள். 'தேடுறாங்களா பாப்போமே' என்றது மனசு. வாயை மூடிக்கொண்டாள், பிறந்ததிலிருந்து முதல் முறையாக. அங்கே அப்பாவும் "எட்டு!" என்று திருப்தியாக வண்டியைக் கிளப்பியது அவளுக்குப் பிறகுதான் தெரியும்.

பக்கத்தில் இருந்த பெரிய பெண் உற்றுப் பார்த்தாள். "ஏய், யார் நீ?"

"பக்கத்துக் குடை."

"அப்ப எங்க ஆறாவது எங்க?"

"எங்க வண்டியில இருப்பா."

"விடு, நல்லதாப் போச்சு," என்றாள் இன்னொருத்தி. "இன்னைக்காவது என் தலையணை எனக்கு."

வண்டிக்குள் அடக்கிய சிரிப்பில் கண்ணாடியெல்லாம் ஆவி படிந்தது. யாரும் காட்டிக்கொடுக்கவில்லை.

அந்த வீட்டிலும் அதே துணியில் திரை. அந்த வீட்டு அம்மா வரிசையாக ஒவ்வொரு தலையாகத் துவட்டிக்கொண்டு வந்தாள். ஒன்பதாவது தலையில் துண்டு நின்றது. "நம்ம வீட்ல சுருட்டை முடி யாருக்கு?" என்றவள், முகத்தைத் திருப்பிப் பார்த்து அலறிய அலறலில் அவள் கணவரின் கண்ணாடி கழன்று விழுந்தது. அவர் உடனே போதகருக்குப் போன் போட்டார். எடுப்பார் இல்லை.

அவளுக்குச் சூடாகப் பால் கொடுத்தார்கள். பால் ஆறியது, ஏடும் படிந்தது. விளையாட்டு போன இடம் தெரியவில்லை. ஜன்னலில் திரையோடு திரையாக நின்றாள். தெருவில் ஒரு வண்டி வந்தது, போனது. இன்னொன்று வந்தது, அதுவும் போனது. இந்நேரம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்திருப்பார்கள். எட்டுத் தட்டு, எட்டுக் கவுன். கணக்கு சரி.

அப்போது கதவு தட்டப்பட்டது. தட்டப்பட்டதா, இடிக்கப்பட்டது!

வாசலில் அம்மா. சொட்டச் சொட்ட நனைந்து, முக்காடு தோளில் தொங்க. பின்னால் அப்பா, அவர் தோளில் அந்த வீட்டு ஆறாவது, அசையாத தூக்கத்தில். அம்மா பாய்ந்துவந்து ஐந்தாமவளை அள்ளிக்கொண்டாள்.

"ஊருக்கெல்லாம் கிழியுதே வாய், இது யார் வண்டின்னு கேக்க வரலியாடி உனக்கு?" என்று முதுகில் ஒன்று வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

"எப்படிம்மா தெரிஞ்சுது? எண்ணினீங்களா?"

"எண்ணினது உங்கப்பா. எட்டு சரியா இருக்குன்னு சாதிக்கிறாரு மனுஷன். நான் சொன்னேன், பாலமே தாண்டியாச்சு, இந்த ஆறு எங்க போகுதுன்னு இன்னும் ஒருத்தியும் கேக்கல, நிறுத்துங்க வண்டியன்னு. அப்புறம் இந்தத் தங்கத்தை எழுப்பி வீட்டுக்கு வழி கேட்டா, பச்சை கேட்டுங்குது, மறுபடி தூங்குது. ஊர்ல இருக்கிற அத்தனை பச்சை கேட்டையும் தட்டிட்டு வர்றேன்."

அந்த வீட்டு அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "கெஞ்சினாலும் கிடைக்காத அஞ்சாவதாமே சிஸ்டர். நாங்களே வச்சுக்கிறோமே?"

"கெஞ்சிக்கிட்டுத்தான் நிக்கிறேன் சிஸ்டர். குடுத்துடுங்க."

ஐந்தாமவள் அம்மாவின் ஈரக் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

வண்டியில் அவளுக்கு அம்மாவின் மடி. அக்கா தங்கைகள் ஏழு பேரும் முறைத்த முறைப்பில் பாசம் பாதி, பசி பாதி.

"அடுத்த தடவை உனக்கு மட்டும் வேற துணி எடுக்கிறேன்," என்றாள் அம்மா மெதுவாக.

ஐந்தாமவள் யோசித்தாள். "வேணாம்மா. இதே இருக்கட்டும்."

மழை விட்டிருந்தது. பாலம் வந்தது. கீழே கலங்கிய ஆறு.

"அம்மா, இந்த ஆறு எங்க போகுது? போற இடம் அதுக்கு எப்படித் தெரியும்? வழி தவறிட்டா யார் தேடுவா?"

ஏழு பேரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். அம்மா ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லத் தொடங்கினாள். அவள் வாயில் குண்டூசி எதுவும் இல்லை.

முன்னால் வண்டி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"எட்டு," என்றார்.