காப்பித் தொலிக் குழி

குரங்கணி அடிவாரத்தில் அடிகுழாய்த் தண்ணீர் தெளிவாகத்தான் வரும். ஒரு மணி நேரத்தில் குடத்துக்குள் செங்காவியாகிவிடும். இரும்புக் குழாயின் துரு என்று சொல்லி, காப்பித் தோட்ட முதலாளி ராஜாராம் பிளாஸ்டிக் குழாய் போட்டுக்கொடுத்து, தெருவாரிடம் மாலையும் வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகும் தண்ணீர் சிவந்தது.

வேதியியல் படித்த பவித்ராவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அடிகுழாய்க்கு மேட்டில் இருந்த ஓடைக்கரைக் குழிக்கு, காப்பிப் பழம் உரித்த தொலியை ஏற்றி அவரே ஓட்டிவந்த டிராக்டரை மறித்து நின்றாள்.

"பிளாஸ்டிக்கு துருப்பிடிக்குமாண்ணே?"

"வழிய விடு ஆத்தா. ரெண்டெழுத்துப் படிச்சா மண்ணுக்குள்ள இருக்குறது தெரிஞ்சிருமோ?"

"தெரியுது. நீங்க கொட்டுற தொலி அழுகி, மணலுக்குள்ள இருக்க காத்தைத் தின்னுருது. காத்தில்லாட்டி மணல்ல ஒட்டியிருக்க இரும்பு கரைஞ்சு தண்ணில வந்துரும், கொடத்துல வெளிக்காத்துப் பட்டதும் செவந்துரும். அதைத்தான் எங்க தெரு குடிக்குது."

"ஒங்காத்தா எங்கிட்டதான் சோலி பாக்குது. நாளையிலருந்து வர வேணாம்னு சொல்லவா?"

தொலியைத் தள்ளிவிட டிராக்டர் மேல் நின்ற சுப்புத்தாய்க்கு, தெருத் தண்ணீரைக் கெடுத்தது தன் மண்வெட்டியும்தான் என்று அப்போதுதான் உறைத்தது. இறங்கி வந்து மகளோடு நின்றாள்.

"நீங்க என்ன சொல்றது, நானே வரலை. இந்த லோடை ஒங்க வீட்டுக் கெணத்தோரம் கொட்டிக்கங்க."