‘படித்தவர்’ என்ற கோட்டின் மேல் என் கையெழுத்து

எங்கள் நூலகத்தில் நுழைந்ததும் வலப்பக்கம் ஒரு சின்ன அலமாரி. ‘ஊழியர்கள் பரிந்துரை’ என்று மேலே எழுதியிருக்கும். மாதம் பிறந்தால் நாங்கள் நான்கு பேரும் ஆளுக்கு ஐந்து புத்தகம் அதில் வைக்க வேண்டும். ஒவ்வொன்றோடும் நான்கு வரி எழுதிய ஓர் அட்டை. அட்டையின் அடியில் ‘படித்தவர்’ என்று அச்சடித்த கோடு, அதன் மேல் கையெழுத்து. வரலாறு எங்கள் தலைமை நூலகர் மேடத்துக்கு. துப்பறியும் கதைகளைக் கவுண்டரில் இருக்கும் அம்மா யாருக்கும் விட்டுத்தர மாட்டார். சமையலும் தோட்டமும் பைண்டிங் செய்பவருக்கு. அந்த மனிதருக்கு வெந்நீர் வைக்கத் தெரியுமா என்பதே சந்தேகம். நாவல், பயணம், அறிவியல் மூன்றும் என் தலையில்.

நான் படிப்பதில்லை. முதல் பத்துப் பக்கம், கடைசிப் பக்கம், பின்னட்டை, அவ்வளவுதான். இந்த மூன்றை வைத்துக்கொண்டு எந்தப் புத்தகத்தைப் பற்றியும் என்னால் உருகி உருகி எழுத முடியும். என் அட்டைகளுக்கு மவுசு அதிகம். மேடமே ஒருமுறை எல்லோர் முன்னாலும் என்னைப் பாராட்டினார். அன்றைக்கு நான் கூச்சப்பட்டிருக்க வேண்டும். வாயெல்லாம் பல்லாக நின்றேன்.

என் அட்டைகளை நம்பி இரண்டு வருடமாக வந்துகொண்டிருந்தவர் ஒரு தையல்காரர். கடையை மூடிவிட்டு வீட்டோடு இருந்தார். மனைவிக்குக் கண் பார்வை போய்விட்டது. இவர்தான் தினமும் படித்துக் காட்டுவார். முதல் நாளே ஒரு நிபந்தனை சொன்னார். எந்தக் கதையானாலும் சரி, குழந்தை சாகிற கதை மட்டும் வேண்டாம். அவர்களுடைய ஒரே பெண் ஏழு வயதில் காய்ச்சலில் போய்விட்டாளாம். முப்பது வருடத்துக்கு முந்தைய விஷயம். அதைச் சொல்லும்போது அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, உள்ளங்கையால் மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

போன மாதம் நான் வைத்த நாவலில் ஒரு பெரிய குடும்பம். முதல் பத்துப் பக்கமும் ஒரே ரகளை. கடைசிப் பக்கத்தில் எல்லோரும் புகைப்படத்துக்கு நின்று சிரிக்கிறார்கள். ‘வயிறு குலுங்க வைக்கும் குடும்பக் கதை’ என்று அட்டையில் எழுதினேன். தையல்காரர் அதை எடுத்துக்கொண்டு வந்து, “இதுல அந்த மாதிரி ஒண்ணும் இல்லையே?” என்று கேட்டார். மேடம் பக்கத்தில்தான் நின்றிருந்தார். படிக்கவில்லை என்று சொன்னால் என் மானம் என்ன ஆவது? “தைரியமா எடுத்துட்டுப் போங்க ஐயா” என்றேன்.

வழக்கமாக இரண்டு வாரம் கழித்து வருகிறவர், ஏழாம் நாள் காலையிலேயே வந்தார். புத்தகத்தைக் கவுண்டரில் வைத்தார். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவர் குரலைக்கூட உயர்த்தவில்லை. நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் வரை சிரித்துச் சிரித்துப் படித்தார்களாம். அந்தப் பக்கத்தில் அந்த வீட்டுக் கடைக்குட்டிக்குக் காய்ச்சல் வருகிறது. இவர் சுதாரித்து நிறுத்துவதற்குள் மனைவிக்குப் புரிந்துவிட்டது. இந்த அட்டையை எழுதினவர் புத்தகத்தைப் படிக்கவே இல்லை என்று அந்த அம்மா சொன்னாராம்.

“நான் அவகிட்ட சண்டை போட்டேன் தம்பி. எத்தனை புத்தகம் படிக்கிறவரு, ஏதோ ஒண்ணு மறந்துபோயிருக்கும், அதுக்காக இப்படியா சொல்றதுன்னு கேட்டேன். ரெண்டு நாள் எங்களுக்குள்ள பேச்சே இல்ல.”

அவர் என்னைத் திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு போயிருப்பேன். எனக்காக அந்த அம்மாவோடு சண்டை போட்டிருக்கிறார். நின்ற இடத்திலேயே குறுகிப்போனேன்.

நேற்று அந்த அம்மாதான் பேசத் தொடங்கினாராம். இனிமேல் அந்தக் கதையைக் கேட்க அவரால் முடியாது. ஆனால் ஒன்று மட்டும் தெரிய வேண்டும், அந்தக் கடைக்குட்டியின் தாய் கடைசியில் என்ன ஆனாள். அதை என்னிடம் கேட்டு வரச் சொல்லியிருக்கிறார்.

கடைசிப் பக்கம் எனக்குத் தெரியும். தப்பித்துவிடலாம் என்றே நினைத்தேன். இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. “கடைசியில சிரிக்கிறாங்க ஐயா. எல்லாரும் சேர்ந்து போட்டோ எடுக்கிறாங்க” என்றேன்.

அவர் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார்.

“எப்படி? அதைத்தான் தம்பி கேக்கறா. அப்புறம் எப்படிச் சிரிக்க முடிஞ்சுது?”

ஏதோ சொல்ல வாயெடுத்தேன். நடுவில் இருந்த இருநூறு பக்கத்தில் ஒரு வரிகூட எனக்குத் தெரியாது. துப்பறியும் கதை அம்மா நிமிர்ந்து பார்த்தார். மேடத்தின் அறைக் கதவு திறந்துதான் இருந்தது.

“நான் படிக்கல ஐயா” என்றேன்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. பிறகு, இதுவரை எடுத்துப்போன நாற்பது புத்தகத்தில் எதையெல்லாம் படித்தேன் என்று கேட்டார். இரண்டு என்றேன். எந்த இரண்டு என்றார். ஒரு ரயில் பயண நூல், தேனீக்களைப் பற்றிய ஒன்று. தேனீப் புத்தகத்தில்தான் அவர் மனைவி தூங்கிவிட்டாராம். அதை அவர் கேலியாகச் சொல்லவில்லை, நினைவுக்கு வந்ததைச் சொன்னார்.

“அப்போ அவ சொன்னதுதான் சரி” என்றார். “வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேக்கணும்.”

கேட்க வேண்டியவன் நான். அது என் நாக்கில் வரவில்லை. இன்றைக்கே முழுவதும் படித்துவிட்டு நாளை சொல்கிறேன் என்று புத்தகத்தை என் பக்கம் இழுத்தேன். அவர் அதன்மேல் கை வைத்தார்.

“வேண்டாம். நீங்க சொன்னா அவ நம்பமாட்டா” என்றார்.

ஜன்னலோர மேஜையில் போய் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தைத் திறந்தார். வரிக்கு வரி விரல் வைத்துத்தான் படிப்பார் என்பதை அன்றைக்குத்தான் பார்த்தேன். சற்று நேரத்தில் விரல் ஒரே இடத்தில் நின்றுவிட்டது. அவர் தலை நிமிரவில்லை. முப்பது வருடமாக அவரும்தான் அந்தக் கதையை ஒதுக்கி வைத்திருந்தார் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எதிர் நாற்காலி காலியாக இருந்தது. போய் உட்கார எனக்குத் தைரியம் வரவில்லை. வெகுநேரம் கழித்து அவர் பக்கத்தைத் திருப்பினார்.