ரெஜி கட்டிய சுவர்

எங்கள் கடலோர ஊரான சைமன்ஸ் டவுனில் பென்குயினோடு குடித்தனம் நடத்தத் தெரியாதவர்கள் வேறு ஊர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பக்கத்து வீட்டு ஷெரில் அதைத்தான் செய்தாள். ஜன்னலுக்கு அடியில் விடிய விடியக் கழுதையாட்டம் கத்துகிற பறவைகள். பக்கத்தில் இடி விழுந்தாலும் எழுந்திருக்காத புருஷன் ரெஜி. "ஒண்ணு அதுங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும்" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள்.

ரெஜி வாய்விட்டு "வா" என்று கூப்பிடுகிற ஆளா? பென்குயின் நுழையாதபடி தோட்டத்தைச் சுற்றிச் சுவர் எழுப்பி, இரும்புக் கதவு போட்டு, படம் பிடித்து அவளுக்கு அனுப்பினான். சனிக்கிழமை வருவதாக அவளும் சொன்னாள்.

மறுநாள் பார்த்தால், புதருக்கடியில் ஒரு பென்குயின் இரண்டு முட்டைகளின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அதன் ஜோடி கதவுக்கு வெளியே நின்று ஊரைக் கூட்டுகிறது.

பறவைகளைக் கண்காணிக்கும் பெண் வந்து பார்த்தாள். "கூட்டுல கை வெச்சா கேஸாயிடும். ரெண்டும் மாறி மாறி அடைகாக்கும். நீங்கதான் கதவத் திறந்து விடணும்."

"எத்தன நாளைக்கும்மா?"

"குஞ்சு வளந்து கடலுக்குப் போற வரைக்கும்."

ரெஜியின் முகம் செத்துவிட்டது. என் பக்கம் திரும்பினான். "ஷெரில்கிட்ட என்னக்கா சொல்றது?"

"உண்மையச் சொல்லு" என்றேன். கேட்டால்தானே! அவளிடம் இப்போது வராதே, பெயின்ட் காயவில்லை என்றான். அப்புறம் குழாய் உடைந்துவிட்டது என்றான். இதற்கிடையில் பென்குயினுக்கு வாயிற்காவலனாகி, தாமதமாக வந்தால் திட்டவும் ஆரம்பித்துவிட்டான்.

ஒரு மாலை கதவு டங்கென்றது. மீன் பொரித்துக்கொண்டிருந்தவன் கத்திக்கொண்டே வந்தான். "இப்பத்தான் வீட்டு ஞாபகம் வந்துச்சா? ஊர் சுத்திட்டு நிதானமா வர்ற! அவ காலையிலேருந்து உள்ள பட்டினி கெடக்கா!"

கதவைத் திறந்தான். பெட்டியோடு ஷெரில் நின்றாள். அவள் காலை உரசிக்கொண்டு பென்குயின் பாட்டுக்கு உள்ளே போனது. செடிக்குத் தண்ணீர் விடுவதாக நடித்துக்கொண்டிருந்த நான் அதையும் நிறுத்திவிட்டேன்.

"இதான் காயாத பெயின்ட்டா?"

அவன் மீன் கரண்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தான்.

"இதுக்குத் தெனம் கதவு தெறக்கறே. நான் போனப்ப பின்னால வந்து, 'போகாதடி'ன்னு ஒரு வார்த்த சொன்னியா ரெஜி?" அவள் குரல் உடைந்தது.

அந்த மடையன் சொன்னான்: "அது கதவுல நின்னு கத்துது. நீ கத்தலையே."

"அப்படியா?" என்றாள் ஷெரில். பெட்டியைக் கதவுக்கு உள்ளே வைத்துவிட்டு ஆரம்பித்தாள்.

அன்றைக்கு எங்கள் தெருவில் ஒரு பென்குயினும் வாயைத் திறக்கவில்லை.