அரிசிப் பானையில் இருந்த படம்

அரிசிப் பானைக்குள் முழங்கை வரை கையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தாள் பூமிகா. கூடத்தில் பெண்கள் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தார்கள். தாய் செத்துக் கிடக்கையில் அடுப்படிக்குள் நுழைந்து அரிசியைக் கிளறுகிற மகளைப் பார்த்தால் ஊர் என்ன பேசும் என்ற யோசனை அவளுக்கு வரவில்லை. விடிந்ததிலிருந்து எந்த யோசனையும் வரவில்லை. விரல் நுனியில் பிளாஸ்டிக் உறை தட்டுப்பட்டதும் இழுத்தாள். ரப்பர் பேண்ட் சுற்றிய உறைக்குள் கறுப்பு ஹார்ட் டிஸ்க் இருந்தது.

அதை அங்கே வைத்தது அவள் அம்மா எல்லையம்மாள்தான். பூம்புகாரில் கடலை ஒட்டிய தெருவில் இரும்பே மிஞ்சுவதில்லை, கம்ப்யூட்டர் எம்மாத்திரம்? பூமிகாவுக்கு அரசாங்கம் கொடுத்த இலவச லேப்டாப்பை உப்புக் காற்று தின்று முடித்தபோது, "இதையாவது காப்பாத்துவோம்டி" என்று சொல்லி டிஸ்க்கை அரிசிக்குள் புதைத்துவிட்டாள். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்று பஸ்ஸில் யாரோ சொன்னார்களாம். சிங்கப்பூர் மகன் எடுத்த படமெல்லாம் அதற்குள் இருக்கிறது என்பதற்கு மேல் அந்தப் பெட்டியைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. உலைக்கு அரிசி அள்ளும்போது கையில் இடறினால், "சபரி தட்டுப்படறான்" என்று சிரிப்பாள்.

அந்தச் சிரிப்பு இன்று காலையில் நின்றுபோயிற்று. மீன் ஏலத்துக்குக் கிளம்பக் கூடையைக் கழுவிக் கவிழ்த்தவள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தாள். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சாவு விழுந்த ஊர் என்று ஒரு படகும் கடலுக்குப் போகவில்லை. எல்லையம்மாள் வாடகைக்கு வந்த கண்ணாடிப் பெட்டிக்குள் ஐஸ் மீனைப் போலக் கிடந்தாள். ஐஸ் மீனை அவள் ஒருநாளும் விற்றதில்லை.

சபரிநாதனிடம் ரெங்கம்மாள் சித்திதான் போனில் விஷயத்தைச் சொன்னாள். அவன் போனைத் தங்கையிடம் கொடுக்கச் சொன்னான்.

"சாயங்காலத்துக்குள்ள என்னால வர முடியாது பூமி. எனக்காகக் காக்க வைக்காதீங்க. எடுக்கறதுக்கு முன்னாடி அம்மா மொகத்தை மட்டும் ஒரு தடவ பாத்துக்கறேன்."

"போட்டோ புடிச்சு அனுப்பவாண்ணே?"

"அய்யோ, செத்த மொகம் வேணாம். உசுரோட இருக்கற மொகம். கரையில வச்சு நான் எடுத்தேன்ல, டிஸ்க்ல இருக்கும். அதைப் போட்டே பேனர் அடிச்சிருங்க. எனக்கும் அனுப்பு."

"ஒங்கிட்ட இல்லையா?"

"கேமராவுல எடம் இல்லன்னு அத்தனையையும் அதுல ஏத்திட்டு அழிச்சிட்டேனே."

வேறு படம் கிடையாது. கல்யாண ஆல்பத்தைச் சுனாமி கொண்டுபோனது. அதன் பிறகு எல்லையம்மாள் கேமராவுக்கு முகம் கொடுத்ததில்லை. யாராவது செல்போனைத் தூக்கினால் முந்தானையை இழுத்துக்கொண்டு, "மீன் வித்த மொகத்த என்னத்தப் புடிக்கிற" என்பாள். வாக்காளர் அட்டையில் ஒன்று உண்டு. அது எல்லையம்மாள் என்று அட்டைதான் சொல்ல வேண்டுமே தவிர படம் சொல்லாது.

ஆனால் தெருமுனையில் பேனர் கட்டாமல் இந்தப் பக்கம் யாரையும் எடுப்பதில்லை. வாழ்ந்த காலத்தில் யாரும் ஏறெடுத்துப் பார்க்காத ஆளாக இருந்தாலும், செத்த அன்றைக்கு ஆள் உயரத்துக்கு முகம் வேண்டும்.

அப்பா நாகநாதன் வாசல் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தார். எதைக் கேட்டாலும் மகளைக் கைகாட்டினார். கேள்விகளெல்லாம் பூமிகாவிடம் வந்தன. பந்தலுக்குக் கீற்று போதுமா என்றார்கள், தலையாட்டினாள். தப்பு மேளக்காரர்களுக்குச் சொல்லிவிடலாமா என்றார்கள், தலையாட்டினாள். அம்மாவுக்குப் பச்சைச் சேலையா மாம்பழக் கலர் சேலையா என்று சித்தி கேட்டபோதுகூடத் தலையாட்டினாள். சித்தி எதற்கு ஆட்டினாள் என்று புரியாமல் பச்சையை எடுத்துப் போனாள்.

பூமிகா டிஸ்க்கை எடுத்துக்கொண்டு பக்கத்து வீட்டு ஸ்கூட்டியில் தருமகுளம் கடைத்தெருவுக்குப் போனாள். ஜாபிரின் பிளக்ஸ் கடையில் கரண்ட் இல்லை. ஜெனரேட்டர் போட்ட சத்தத்தில் தெருவே அதிர்ந்துகொண்டிருந்தது. காதுகுத்து, பூப்புனித நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று இந்தச் சுற்று வட்டாரத்தின் நல்லது கெட்டது எல்லாம் ஜாபிர் கை வழியாகத்தான் போகும். அவன் கடை வாசலில் குந்தி, யாருடைய பேனருக்கோ மரச்சட்டம் அடித்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் சுத்தியலைக் கீழே போட்டான்.

"வாம்மா. கேள்விப்பட்டேன். நேத்துகூட கடைக்கு எதுத்தாப்புல நின்னு நெத்திலி வித்துட்டுப் போனாங்க." டிஸ்க்கை வாங்கிக் கம்ப்யூட்டரில் சொருகினான். "உக்காரு. படம் வர்றதுக்கு நேரமாவும். ஆணிய அடிச்சிட்டு வந்துடறேன்."

பூமிகா உட்கார்ந்தாள். டிஸ்க்கில் நீல விளக்கு மின்னியது. பக்கத்தில் வேறு யாருடையதோ பென் டிரைவ் ஒன்றும் சொருகியிருந்தது. திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து கேள்வி கேட்டது.

"அண்ணே, ஃபார்மேட் பண்ணவான்னு கேக்குது."

"என்னது?"

"ஃபார்மேட்!" என்று ஜெனரேட்டருக்கு மேல் கத்தினாள். அன்றைக்கு அவள் குரலை உயர்த்தியது அது ஒன்றுக்குத்தான்.

"அது அந்தப் பென் டிரைவ்மா. காலையிலேருந்து அதையேதான் கேட்டுக் கழுத்தறுக்குது. ஓகே குடுத்துரு."

கொடுத்தாள். உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், சம்மதமா என்று அது இன்னொரு தடவை கேட்டது. காலையிலிருந்து கேட்டவர்களுக்கெல்லாம் தலையாட்டியவள் இதற்கும் ஆட்டினாள். பச்சைக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக நிறைந்துகொண்டு போனது.

அது பாதி நிறைந்தபோது காலேஜ் லேப் சார் சொன்னது ஞாபகம் வந்தது.

அவளுடைய லேப்டாப்பில் எல்லாரும் வைத்திருக்கிற விண்டோஸை வைரஸ் அரித்துவிட்டதால், சார் லினக்ஸை மட்டும் வைத்துக் கொடுத்திருந்தார். திறந்தால் பெங்குவின் படம் வரும். அண்ணன் புது டிஸ்க் வாங்கி வந்ததும் அதையும் அவரிடம்தான் கொண்டுபோனாள். படங்களை ஏற்றுவதற்கு முன்பே லினக்ஸுக்குத் தோதாக அதை மாற்றிக் கொடுத்தார். "இனிமே வைரஸ் அண்டாது. ஆனா ஒண்ணு, விண்டோஸ் இருக்கற கம்ப்யூட்டர்ல இதைப் போடாத. அதுக்கு இந்த டிஸ்க்கைப் படிக்கத் தெரியாது. ஒண்ணுமே எழுதாத வெறும் டிஸ்க்குன்னு நெனச்சு, அழிச்சு ஆரம்பிக்கவான்னு கேக்கும். வேணாம்னு சொல்லிடணும்." சரி சார் என்று அன்றைக்கும் தலையாட்டியிருந்தாள்.

கோடு முழுதாக நிறைந்தது. திரையில் வெள்ளையாக ஒரு ஜன்னல் திறந்தது. அதில் ஒன்றும் இல்லை.

ஜாபிர் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். திரையைப் பார்த்தான். பென் டிரைவைப் பிடுங்கிப் பார்த்தான். வெள்ளை ஜன்னல் போகவில்லை. டிஸ்க்கின் வயரைத் தொட்டவன் கையை எடுத்துக்கொண்டான்.

"அல்லாவே," என்றான். "நாந்தான் சொன்னேன். பாக்காம சொன்னேன்."

"எனக்குத் தெரியும்ணே. மறந்துட்டேன்."

"மெட்ராஸ்ல இதை எடுக்கறவங்க இருக்காங்கன்னு சொல்லுவாங்க. விசாரிக்கறேன். இன்னிக்கு ஆவாது." அவளை ஏறிட்டுப் பார்க்க அவனால் முடியவில்லை. "அழுதுரும்மா. திட்டிக்கூட உட்ரு."

அழுகை வரவில்லை. வந்தால் நன்றாக இருக்கும் என்று அவளுக்கும் தோன்றியது. எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள் என்று அவன் கேட்டான். நாலு மணி என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு அவன் கேமராப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டான்.

"நீ முன்னாடி போ. பின்னாடியே வர்றேன். இப்படி நாங்க செய்யறது உண்டு. யாருக்கும் தெரியாது."

வீட்டில் ஜாபிர் சொன்னபடி பெட்டியின் மூடியை நகர்த்தினார்கள். கண்ணாடி இருந்தால் வெளிச்சம் தெறிக்குமாம். எல்லையம்மாளின் நெற்றியில் ஒட்டியிருந்த காசை பூமிகா எடுத்தாள். மூக்கிலிருந்த பஞ்சை எடுத்தாள். தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள். முகம் குளிர்ந்து கெட்டியாக இருந்தது. நெற்றி முடியை ஒதுக்கிவிட்டபோது விரலில் நெத்திலி வாசம் ஏறியது. அத்தனை தண்ணீர் ஊற்றியும் அது போகவில்லை. முந்தானையை இழுத்து மூடிக்கொள்ள அம்மாவுக்கு இன்று கை வரவில்லை என்று நினைத்தாள்.

ஜாபிர் நாற்காலி மேல் ஏறி நின்று எடுத்தான். இறங்கி வந்தவன் அவளைக் கொல்லைப்பக்கம் வரச் சொன்னான்.

"மொகத்தை வெளுப்பாக்கி, ரோஸ் குடுத்துப் பண்ணிடலாம். கண்ணுதான்மா வேணும். மூடின கண்ணைத் தொறக்க முடியாது. வேற ஒருத்தர் கண்ணைத்தான் எடுத்து வைக்கணும்." தயங்கினான். "ஒனக்கு அப்படியே அவங்க கண்ணு."

கிணற்றடி வெளிச்சத்தில் அவளை நிறுத்தினான். காக்கைகள் கத்திக்கொண்டிருந்தன. காயப்போட்ட கருவாட்டை யாரும் திருப்பிவிடவில்லை.

"இங்க பாரு. நேரா. தலைய ஆட்டாத." கேமராவைக் கொஞ்சம் இறக்கினான். "தப்பா நெனைக்காதம்மா. லேசா சிரி. வாய் வேணாம், கண்ணுல இருந்தாப் போதும்."

பூமிகா சிரித்தாள். வாயை மூடிக்கொண்டு கண்ணால் மட்டும் சிரிப்பது எப்படி என்று அவளுக்குத் தெரியாது. அம்மா மீன் எடை போடும்போது தராசைப் பார்க்கிற பார்வையை நினைத்துக்கொண்டாள். ஜாபிர் எடுத்தான். "போதும்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

தப்பு அடிக்க ஆரம்பித்த நேரத்தில் பேனர் வந்தது. தெருமுனையில் சவுக்குக் கழி நட்டுக் கட்டினார்கள். எல்லையம்மாள் ஆள் உயரத்துக்கு நின்று நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல நிறமாக இருந்தாள். கழுத்தில் அவளிடம் இல்லாத நகை ஒன்றும் கிடந்தது. பெண்கள் பேனரைப் பார்த்து மார்பில் அடித்துக்கொண்டு புதிதாக அழுதார்கள். நாகநாதன் காலையிலிருந்து உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து முதல் தடவையாக எழுந்து, தெருமுனை வரை நடந்து போய் அதன் எதிரே நின்றார்.

"என்னமா பாக்குறா," என்றார். "கெட்டிக்காரி. படம் புடிக்க உட மாட்டேன்னு என்னா ஆட்டம் காட்டினா."

பூமிகா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. கண்ணாடியில் தன் கண்ணைப் பார்ப்பது வேறு, அம்மா முகத்திலிருந்து அது தன்னைப் பார்ப்பது வேறு. அப்பாவிடம் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தாள். அவர் பேனரின் ஓரத்தில் சுருக்கம் எடுத்துக்கொண்டிருந்தார். சொல்லவில்லை.

பாடையைத் தூக்கினார்கள். பெரியப்பா மகன் கொள்ளிச்சட்டியை எடுத்துக்கொண்டு முன்னால் போனான். பெண்கள் தெருமுனைக்கு மேல் போகக்கூடாது. பேனர் கட்டிய இடத்தில் எல்லாரும் நின்றார்கள். தப்புச் சத்தம் ஐஸ் கம்பெனியைத் தாண்டி, காவிரி கடலில் சேருகிற பக்கமாகத் தேய்ந்துகொண்டு போனது. அப்போது அடித்த தன் போனைச் சித்தி பூமிகாவிடம் நீட்டினாள். சபரிநாதன்.

"ஜாபிர் அனுப்பினாரு. பாத்துட்டேன் பூமி." அழுது ஓய்ந்த குரலாக இருந்தது. "நான் எடுத்தது இது இல்லையே. நான் எடுத்ததுல எல்லாம் குனிஞ்சு மீனைப் பாத்துக்கிட்டு இருக்கும். இதுல நேரா என்னையே பாக்குது."

"ம்."

"யாரு எடுத்தா?"

"ஜாபிர் அண்ணன்தான்."

"நல்லா எடுத்திருக்காரு. நல்லவேளை. இதுகூட இல்லன்னா..." அவன் மூக்கை உறிஞ்சினான். படத்தைத் திரும்பப் பார்க்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"பூமி."

"சொல்லுண்ணே."

"பெருசு பண்ணிப் பாத்தேன். அம்மா அழுதிருக்கு. சிரிக்கற மாதிரி இருக்கு, ஆனா கண்ணு ரெண்டும் தண்ணியா நிக்குது. அன்னிக்கு என்ன ஆச்சு அம்மாவுக்கு? யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

பூமிகா நிமிர்ந்து பேனரைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லண்ணே," என்றாள். "அடுப்புப் புகை."

ரெங்கம்மாள் சித்தி தண்ணீர் வாளியையும் துடைப்பத்தையும் கொண்டுவந்து அவள் பக்கத்தில் வைத்தாள். பிணம் போன வீட்டைக் கழுவ வேண்டும். பூமிகா போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.