மேசையில் மிஞ்சிய மஞ்சள் உறை

1.
இந்தக் கதையை லொரேன் ஷைரி தன் சமையலறையில் வைத்துச் சொன்னாள். பாதி சொன்னதும் அடுப்பைப் பார்க்கப் போனாள். திரும்பி வந்து வேறு பேச்சைத் தொடங்கிவிட்டாள். மிச்சத்தை நான் எழுதித் தொலைக்க வேண்டியிருக்கிறது.

'மான்கள் இறங்கும் பென்சில்வேனியா மலைச்சரிவில், நவம்பர் குளிரில்...'

(வேண்டாம். ஓட்டுக்கும் மானுக்கும் என்ன சம்பந்தம்?)

2.
லொரேனின் கணவன் வால்ட் இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தான். அவனுடைய ஓட்டுநர் உரிம எண்ணைக் கணினியில் தட்டி, தபால் ஓட்டுக்கு விண்ணப்பித்தவள் லொரேன்தான். ஓட்டுச் சீட்டும் வந்தது. சீட்டை மஞ்சள் உறையில் வைத்து, அதை வெளி உறையில் போட்டு ஒட்டி, மேலே கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். மஞ்சள் உறை இல்லாமல் போனால் எண்ணாமல் தள்ளிவிடுவார்கள். எங்கள் பக்கம் அதற்கு 'அம்மண ஓட்டு' என்று பெயர்.

தேர்தலன்று மதியம்தான் வால்ட் அதை நிரப்பினான்.

"யாருக்குப் போட்டே?"

"உன் தம்பிக்கு இல்லே."

"கிளென் உனக்கு என்னய்யா கெடுதல் பண்ணினான்?"

"பனி தள்ளுற வண்டிய இரவல் வாங்கிட்டுப் போனானே. திரும்பி வந்தது வண்டியா அது?"

"அதுக்காக அவனைத் தோக்கடிப்பியா?"

"ஒட்டியாச்சு. கொண்டுபோய்க் குடு. உன்ன நம்பித்தான் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

(அடிக்குறிப்பாகப் போக வேண்டியது: இங்கே அடுத்தவர் சீட்டைக் கொண்டுபோகக் கூடாது. நடமாட முடியாதவர் ஒருவரைப் பெயர் குறித்து அனுப்பலாம். வால்ட் குறித்த பெயர் லொரேன்.)

3.
கிளென் போன தடவை ஊராட்சிப் பதவிக்கு நின்று, ஓட்டுகள் சமமாகி, குலுக்கலில் தோற்றவன். அன்று லொரேன் காரிலேயே உட்கார்ந்து அழுதாள். அவன் மறுபடி நிற்கும் இந்தத் தடவை ஒரு ஓட்டுகூட அவளுக்குச் சின்னதாகத் தெரியவில்லை.

கோட்டை மாட்டிக்கொண்டு, வால்ட் படுக்கையில் சாப்பிட்டதும் டிரேயோடு கொண்டுவந்து சமையலறை மேசையில் வைத்திருந்த முட்டைக்கோஸ் நூடுல்ஸ் தட்டை எடுத்தாள். அடியில் மஞ்சள் உறை இருந்தது. காலியாக.

4.
'லொரேன் நல்லவள். ஆகவே அவள்...'

அடித்துவிட்டேன். கெட்டவள் என்றும் எழுதிப் பார்த்தேன், கை வரவில்லை. வால்டிடம் சொன்னால் தேர்தல் அலுவலகத்தில் வேறு உறைகள் வாங்கி வரலாம், நேரமிருக்கிறது. சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

5.
ஒரு முடிவு: சொல்கிறாள். புது உறை வருகிறது. கிளென் ஒரே ஓட்டில் தோற்கிறான்.

இன்னொன்று: சொல்லவில்லை. கிளென் ஜெயிக்கிறான். கொண்டாட்டத்தில் வால்ட் அவள் காதருகே சொல்கிறான்: "உன் தம்பிக்குத்தாண்டி போட்டேன். உன்ன சீண்டிப் பார்த்தேன்."

இதை எழுதியதும் எழுந்து நடந்தேன். ஒட்டிய உறைக்குள் என்ன இருக்கிறது என்று அவளுக்கும் தெரியாதே. கிளென் ஜெயித்தானா என்பது ஊருக்கே தெரியும். சொல்லமாட்டேன், அதை வைத்து நீங்கள் இவளை எடைபோட்டுவிடுவீர்கள்.

6.
லொரேன் இன்னும் மேசையருகே நிற்கிறாள். இரவு எட்டு மணிக்குள் சீட்டு தேர்தல் அலுவலகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அவளை நகர்த்த எனக்குத் தைரியமில்லை. கொஞ்ச நேரம் அவள் இடத்தில் நீங்கள் நில்லுங்கள்.

படுக்கையறையிலிருந்து வால்ட் கேட்கிறான்.

"என்ன லொரேன், எதையாச்சும் மறந்துட்டேனா?"