குப்பிக்குள் ஒரு சிட்டிகை

தையல்நாயகியின் மார்புக் கட்டி ஆறே மாதத்தில் தோலைப் பிளந்துகொண்டு வந்துவிட்டது. அவள் தாயைக் கொண்டுபோனதும் இதே நோய்தான். வருஷம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்று. விழுப்புரத்தில் ஆஸ்பத்திரி வைத்திருந்த தேவநாதன் டாக்டர் கட்டியில் ஒரு துண்டை வெட்டி, மருந்துத் தண்ணீர் நிரப்பிய குப்பியில் போட்டு, ரப்பர் மூடியை இறுக்கினார்.

“இவ்வளவு வேகமாப் பரவுற கட்டிய மெட்ராஸ்ல என் சிநேகிதர் கண்ணாடிக்குள்ள வளர்க்கப் பார்க்கிறார். வளர்ந்துட்டா, புது மருந்தை மனுஷங்களுக்குக் குடுக்கறதுக்கு முன்னால அதுமேல போட்டுப் பார்க்கலாம். உனக்கு உதவாதும்மா. பொய் சொல்ல மாட்டேன்.”

“எம் பொண்ணுக்குங்க?”

“உதவலாம்.”

ஏழு வயசு கிருஷ்ணவேணி வாசற்படியில் மல்லாட்டைக் கடலை உரித்துத் தின்றுகொண்டிருந்தாள். தையல்நாயகி அந்தப் பக்கமே பார்த்தாள். “எடுத்துக்கினு போவட்டும். இத்தினி நாளு என்னைத் தின்னுச்சு, இனிமே அந்த மெட்ராஸ்காரரு சோறு போடட்டும்.” சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

குப்பியை ஐஸ் போட்ட பிளாஸ்க்கில் வைத்து ரயிலில் கொண்டுபோனவள் தையல்நாயகியின் தங்கை அம்சா. “வழியில மூடியத் திறக்காதே” என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஏனென்று சொல்லவில்லை. தண்ணீர் சிந்திவிடும் என்றுதான் அவள் நினைத்துக்கொண்டாள், பாவம்.

திண்டிவனத்தில் வண்டி நின்றது. போன வாரம் அக்காளுக்காகப் பெருமுக்கல் மலைக்கோயில் ஏறி வாங்கி வந்த விபூதி அவள் முந்தானையில் முடிந்திருந்தது. அக்காள் உடம்பில் இனிப் பிழைக்கப்போவது இந்தத் துண்டு ஒன்றுதானே, இதற்கு இல்லாத விபூதி வேறு யாருக்கு? ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் மூடியைத் திறந்து, ஒரு சிட்டிகை போட்டு, மறுபடி இறுக்கினாள். நல்ல காரியம் செய்த நிம்மதியில் செங்கல்பட்டு வரை தூங்கினாள்.

பத்தாம் நாள் டாக்டருக்குக் கடிதம் வந்தது. அம்சாவைத் தனியே கூப்பிட்டார்.

“மூணே நாள்ல கலங்கிப்போச்சாம். கட்டியோட உயிரணு ஒண்ணுகூடத் தங்கல. மண்ணுலயும் சாணத்துலயும் இருக்கிற கிருமி பூந்திருக்கு. கொதிக்க வெச்ச குப்பிக்குள்ள எப்படி வந்துச்சோ!”

அம்சா முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டாள். “விபூதியில இருக்குங்களா, சார்? அது சுட்ட சாம்பலாச்சுங்களே.”

“சுட்டப்புறம் எத்தனை கை பட்டிருக்கும்...” பாதியில் நிறுத்தி அவள் முகத்தைப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. “ஏன் திறக்கக் கூடாதுன்னு நான் சொல்லியிருக்கணும்” என்றார்.

“இன்னொரு துண்டு எடுத்துக் குடுங்க சார். மூடியத் திறக்காம, ஜல்தியா எடுத்துக்கினு போறேன்.”

“இனிமே கத்தி வெச்சா தாங்க மாட்டாம்மா.”

அம்சா உள்ளே வந்ததும் கட்டிலில் தையல்நாயகி கண் திறந்தாள். “இன்னாடி, முளைச்சுதா?”

“முளைச்சிருக்குதுக்கா.”

“எம்மாம் பெருசு?”

அம்சா சுண்டுவிரல் நுனியைக் காட்டினாள்.

“அப்ப எம் பொண்ணு தப்பிச்சிடுவா.” நெடுநாளைக்குப் பிறகு அந்த முகத்தில் ஒரு தெளிவு வந்தது. “அந்த மலை விபூதி மிச்சம் இருந்தா பாப்பா நெத்தியில வைடி.”

கிருஷ்ணவேணி ஓடி வந்து நெற்றியை நிமிர்த்திக்கொண்டு நின்றாள். முந்தானை முடிச்சை அவிழ்க்க அம்சாவின் விரல்களுக்கு வரவே இல்லை.