இரண்டு மெசஞ்சர்களுக்கு நடுவே

பதுளை பஸ் நிலையத்துக்கு எதிரே லிங்கத்தின் நெட் கஃபேயில் யோகம்மா டீச்சர் யாஹூ மெசஞ்சரை மூடிவிட்டு எம்.எஸ்.என் மெசஞ்சரைத் திறந்துகொண்டிருந்தார். இரண்டையும் ஒன்றாகத் திறந்தால் அந்தக் கம்ப்யூட்டர் அப்படியே நின்றுவிடும். மகள் கேசினி லண்டனில் யாஹூவில் இருந்தாள். மகன் ஆரூரன் டொரொன்டோவில் எம்.எஸ்.என்னில். கணவர் குமாரசிங்கம் இறந்தபோது, அகதி வழக்கு முடியாததால் ஆரூரனால் வர முடியவில்லை. "அப்பாவுக்குக் கொள்ளி வைக்க வராதவன் எனக்குத் தம்பியில்லை" என்றாள் கேசினி. அதோடு இருவருக்கும் பேச்சில்லை.

அதனால் டீச்சர்தான் தூது. ஒழுங்கான தூது என்று சொல்ல முடியாது, சொல்லாததையெல்லாம் சொன்னார். தம்பியின் பெயரை எடுத்தாலே கேசினி கதையை மாற்றிவிடுவாள். ஆனால் பனியில் வழுக்கிக் காலை முறித்துக்கொண்ட ஆரூரனுக்கு வாராவாரம் ஒரு செய்தி போனது: அக்கா உன்ர காலைப் பற்றிக் கேட்டவள். டீச்சருக்கு வெட்கமாகத்தான் இருந்தது. தான் கண்ணை மூடினால் பிள்ளைகள் அந்நியராகிவிடுவார்கள் என்ற பயம் அதைவிடப் பெரிது.

"ரெண்டையும் இணைக்கிற கேட்வே ஒண்ணு வந்திருக்கு டீச்சர்," என்றான் லிங்கம். "அங்கிட்டு எழுதுனா இங்கிட்டு வந்து விழும். ரெண்டு பேரும் நேராப் பேசிக்கலாம், நீங்க சும்மா பார்த்துக்கிட்டு இருந்தாப் போதும்."

"நான் நடுவில நிக்கத் தேவையில்லையோ?"

"தேவையே இல்லீங்க."

அவனுக்கு அது பெருமை. டீச்சருக்குத் தான் சொன்ன பொய்கள் நினைவுக்கு வந்தன. ஆனாலும் பிள்ளைகளிடம் கேட்டார். அம்மாவுக்காகக் கேசினி சம்மதித்தாள். ஆரூரன் சந்தோஷமாகவே சம்மதித்தான்.

அடுத்த ஞாயிறு மூவரும் திரையில் ஒரே ஜன்னலில் இருந்தார்கள். ஆரூரன்தான் முதலில் எழுதினான்.

"அக்கா, கிழமைக்குக் கிழமை என்ர காலைப் பற்றிக் கேட்டனீங்களாம். அம்மா சொன்னவ. அது பெரிய ஆறுதலா இருந்தது."

டீச்சருக்கு மட்டும் தனியாக ஒரு ஜன்னல் திறந்தது, கேசினியிடமிருந்து.

"அம்மா, அவனுக்குக் காலில என்ன?"

டீச்சரின் விரல்கள் வழக்கம்போல ஒரு பொய்யைத் தேடின. கிடைக்கவில்லை.

"விழுந்து முறிஞ்சது. மூண்டு மாதம் தனியக் கிடந்தவன். நீ கேட்டதாய் நான்தான் சொன்னனான், பிள்ளை."

இரண்டு ஜன்னல்களும் அசையாமல் கிடந்தன. வெளியே மொனராகலை பஸ் புறப்பட்டுப் போனது.

"லைன் போயிருச்சா டீச்சர்?"

அவர் தலையாட்டி மறுத்தார். பொது ஜன்னலில், கேசினியின் பெயருக்குப் பக்கத்தில் ஒரு சொல் வந்து விழுந்தது.

"தம்பி"

டீச்சர் கீபோர்டிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.